மாடல் ரயில் கண்காட்சியில் ஸ்ட்ரோலருக்கு இடம் எங்கே?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்றொரு ஊர். ஆண்டுதோறும் ஜனவரி மாதக் கடைசியில், ஒரு சனி ஞாயிறு, அங்குள்ள பொருட்காட்சித் திடலின் நான்கு கட்டடங்களில் ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி மாடல் ரயில் கண்காட்சி நடத்துகிறது. இரண்டே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். ஒருபக்கம் கிளப்புகள் கொண்டுவந்து பூட்டிய லேஅவுட்டுகளில், அதாவது தண்டவாள அமைப்புகளில், ரயில்கள் ஓடுகின்றன. மறுபக்கம் பழைய எஞ்சின்கள், பெட்டிகள், மரம், வீடு, சிக்னல், புத்தகம் என்று மேசை மேசையாக விற்பனை. வெளியே உறையும் குளிர். உள்ளே வந்தவர் தடித்த கோட்டைக் கழற்றிக் கையில் சுமக்க வேண்டும். குழந்தையோடு வந்தவர் என்றால் குடும்பத்தின் எல்லாக் கோட்டும் குழந்தையைத் தள்ளிவரும் ஸ்ட்ரோலரின் மேல் ஏறிவிடும். குழந்தை எங்கே இருக்கிறது என்றே சில நேரம் தெரியாது.

இப்படிப்பட்ட கண்காட்சிகளைச் சுற்றிப் பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வராத வழக்கு. காலமெல்லாம் ரயில் சேர்த்தவர் கேட்கிறார்: “இந்த நெரிசலில் ஸ்ட்ரோலர் எதற்கு? கணுக்காலில் இடிக்கிறது, லேஅவுட்டின் காலில் இடிக்கிறது, மேசையை மறைத்துக்கொண்டு நிற்கிறது.” குழந்தையோடு வந்தவர் கேட்கிறார்: “ரயில் பார்க்கத்தானே குழந்தையைக் கூட்டிவந்தோம். இரண்டு வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் இடுப்பிலேயே வைத்திருக்க முடியுமா?” இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தே பேசுகிறார்கள். மண்டபத்தின் தரைப்படத்தை யாரும் பார்ப்பதில்லை. இடைவழி எவ்வளவு அகலம், ரயில் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, எதை எங்கே வைத்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் பெற்றோரின் நடத்தையைப் பற்றிப் பேசுவது நேர்மை என்பது என் கருத்து.

முதலில் அகலம். அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1971-ல் வெளியிட்ட பாதசாரிகள் பற்றிய நூலில், கனத்த உடை அணிந்த ஒரு மனிதர் நிற்கப் பிடிக்கும் இடத்தை ஒரு நீள்வட்டமாக வரைந்தார். தோள்வாக்கில் 24 அங்குலம், முன்பின்னாக 18 அங்குலம். அதாவது சுமார் 61 சென்டிமீட்டருக்கு 46. குளிர்காலக் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இரண்டு பக்கமும் லேஅவுட் உள்ள 10 அடி இடைவழியை, அதாவது சுமார் 3 மீட்டரை, எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்றால் நான்கு உடல்கள் 184 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 120. சுமார் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றை ஸ்ட்ரோலர் ஒன்றும் எதிரே வரும் ஒரு மனிதரும் உரசாமல் கடக்க இது சரியாகப் போதும். இதே இடைவழி 8 அடியாக இருந்தால் மிச்சம் 60 சென்டிமீட்டர். ஸ்ட்ரோலர் நுழைந்த கணமே எதிர்த்திசை அடைபடும். 12 அடியாக இருந்தால் 180; இரண்டு ஸ்ட்ரோலர்கூட எதிரெதிரே போகலாம். இரண்டடி கூட்டினால் பூசல் இல்லை, இரண்டடி குறைத்தால் பூசல்.

அந்த இரண்டடி ஏன் கிடைப்பதில்லை? விற்பனை மேசை வாடகைதான் பல கண்காட்சிகளுக்கு முக்கிய வருமானம். இடைவழிகளை இரண்டிரண்டு அடி அகலப்படுத்தினால் மண்டபத்தில் ஒரு வரிசை மேசை குறையும். மண்டப வாடகையோ குறையாது. ஏற்பாட்டாளரைக் குறை சொல்லுமுன் இதையும் நினைக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் உழைக்கும் கிளப் உறுப்பினர்கள். ஆனாலும் எல்லா இடைவழியும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உதிரிபாகம் விற்கும் மேசைகளுக்கிடையே 8 அடி போதும். ஓடும் ரயில்களைச் சுற்றித்தான் 12 அடி வேண்டும். பல மண்டபங்களில் இது தலைகீழாக இருக்கிறது. மேசைகள் ஓரளவு தாராளமாக நிற்கின்றன, பெரிய லேஅவுட் சுவரோடு ஒடுக்கப்பட்டிருக்கிறது.

ஸ்ட்ரோலர் நகரும்போது இருக்கும் தொல்லையைவிட நிற்கும்போது இருக்கும் தொல்லை பெரிது. லேஅவுட்டை நோக்கி நேராக நிறுத்தினால் வண்டியின் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர், பின்னால் தள்ளுபவர் அரை மீட்டர். மூன்று வரிசை ஆட்கள் நிற்கும் ஆழத்தை ஒரு குடும்பம் எடுத்துக்கொள்கிறது, இடைவழியின் பாதி போய்விடுகிறது. லேஅவுட்டுக்கு இணையாக, பக்கவாட்டில் நிறுத்தினால் ஆழம் 60 சென்டிமீட்டரோடு முடியும். முன்வரிசையில் ஒன்றரை ஆளின் இடம் போகும். ஆனால் பின்னால் ஓட்டம் நிற்காது. பெற்றோருக்கு ஒரே ஒரு விதி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: நிறுத்தினால் பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

அடுத்தது நேரம். கண்காட்சி நடத்துபவர்கள் இதை அதிகம் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 12 மீட்டர் நீள முகப்புள்ள ஒரு லேஅவுட்டின் முன்வரிசையில் இருபது பேர் நிற்கலாம். ஆளுக்கு 4 நிமிடம் நின்றால் ஒரு மணி நேரத்தில் 300 பேர் பார்த்துவிடுவார்கள். 8 நிமிடம் நின்றால் 150 பேர்தான். மற்ற 150 பேர் பின்னால் வழியை அடைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதைப் பெரும்பாலும் ரயில்தான் முடிவு செய்கிறது. ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடாக ஓடும் ரயில் உண்மையில் நொடிக்கு 19 சென்டிமீட்டர்தான் நகரும். 60 மீட்டர் நீளமுள்ள பாதையை அது சுற்றிவர ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். மூன்று வயதுக் குழந்தை “அந்தச் சிவப்பு ரயில் இன்னொரு தடவை” என்று கேட்டால், அந்தக் குடும்பம் அசையாமல் ஐந்து நிமிடம் நிற்கும். ஆகவே ஒரே பாதையில் மூன்று நான்கு ரயில்களை இடைவெளி விட்டு ஓட்டும் கிளப், தெரிந்தோ தெரியாமலோ கூட்டத்தை நகர்த்திவிடுகிறது. ரயிலை நிறுத்திவிட்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும் லேஅவுட்டின் முன்னால் கூட்டம் தேங்குகிறது. இதில் ஸ்ட்ரோலர் செய்த பிழை ஒன்றுமில்லை.

விற்பனை மேசைகளின் கதை வேறு. கடைகளில் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்த பாகோ அண்டர்ஹில், நியூயார்க்கின் ப்ளூமிங்டேல்ஸ் கடையில் எடுத்த படப்பதிவுகளில் ஒன்றைக் கவனித்தார். வாசலருகே இருந்த டை அலமாரியில் பொருள் தேடிக்கொண்டிருந்தவர்கள், போகிறவர் வருகிறவர் பின்புறத்தில் ஓரிரு முறை உரசியதும் தேடுவதை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். 1999-ல் வந்த அவரது புத்தகத்தில் இது இடம்பெற்று, பின்பு கடை வடிவமைப்பில் பாடமாகவே ஆனது. மாடல் ரயில் சந்தையில் நல்ல பொருள் பல நேரம் மேசைக்கு அடியில் உள்ள அட்டைப்பெட்டியில்தான் கிடக்கும். அதைத் தேட ஒருவர் குந்தி உட்கார வேண்டும். அவர் முதுகில் ஸ்ட்ரோலரின் சக்கரம் ஒருமுறை பட்டால் போதும், பொருளை வைத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரரின் கோபத்துக்கு இந்தக் காரணம் உண்டு, அது நியாயமான காரணம். ஆனால் அதே கடைக்காரரின் மேசையில் தொடக்கநிலை ரயில் செட் வாங்குபவரும் அந்தப் பெற்றோர்தான். அவர் குறுகிய வழிக்குள் வண்டியோடு வராமலே வாங்கும்படி, குழந்தைகளுக்கான பொருளை அகலமான முனையில் வைப்பது கடைக்காரரின் கையில்தான் இருக்கிறது.

இனி உயரம். இந்த விஷயத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பல ஊர்களிலிருந்து வரும் துண்டுகளை ஒன்றாகப் பூட்டி ஓட்டுவதற்கு மாடல் ரயில்காரர்கள் பொது அளவுகளை வகுத்திருக்கிறார்கள். 1970-களில் கலிஃபோர்னியாவில் பிறந்த என்ட்ராக் முறையில் தண்டவாளம் தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், சுமார் 102 சென்டிமீட்டர். ஃப்ரீ-மோ முறையில் 50 அங்குலம், 127 சென்டிமீட்டர். ஐரோப்பாவின் ஃப்ரெமோ அமைப்பினர் 130 சென்டிமீட்டர் வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை சராசரியாக 1 மீட்டர் உயரம் இருக்கும், கண் அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே. ஆக, இவற்றுள் மிகத் தாழ்வான என்ட்ராக்கிலேயே ரயில் அந்தக் குழந்தையின் உச்சந்தலைக்கு நேராக ஓடுகிறது. ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு லேஅவுட்டின் விளிம்பிலிருந்து தரை வரை தொங்கும் கறுப்புத் துணி மட்டுமே தெரியும்.

உயர்த்தியதற்குக் காரணம் இருக்கிறது. நின்றுகொண்டு பார்க்கும் பெரியவரின் கண்ணுக்கு அருகே ரயில் வந்தால், வானத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இல்லாமல், தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். இயக்குபவரின் முதுகு வலிக்காது. சின்னக் கைகளும் எட்டாது. மூன்றும் நல்ல காரணங்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். ஸ்ட்ரோலரிலிருந்து எதுவும் தெரியாததால் குழந்தை அழும். பெற்றோர் தூக்கித் தோளில் வைப்பார்கள். ஆளில்லாத வண்டி இடைவழியில் நிற்கும், கோட்டுகளையும் பைகளையும் சுமந்துகொண்டு. நெரிசலுக்குக் காரணமாகக் காட்டப்படும் அந்த வெற்று வண்டி, உண்மையில் மேசை உயரத்தின் விளைவு. சக்கர நாற்காலியில் வரும் பெரியவரும் இதே கறுப்புத் துணியைத்தான் பார்க்கிறார். அவரைத் தோளில் தூக்க யாராலும் முடியாது.

இதற்கு மாற்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஜப்பானில் தோன்றிய டி-ட்ராக் முறையில் சிறு துண்டுகளைச் சாதாரண மடக்கு மேசைமீது அப்படியே வைத்துப் பூட்டுகிறார்கள். மேசை 75 சென்டிமீட்டர் சொச்சம், ரயில் அதற்குச் சற்று மேலே. நான்கு வயதுக் குழந்தை தரையில் நின்றபடியே பார்க்கலாம். கண்காட்சிக்கு ஒரு பெரிய டி-ட்ராக் இருந்தாலே, ஸ்ட்ரோலரில் வந்தவர்களில் கணிசமானோர் அங்கே நின்றுவிடுவார்கள். உயரமான லேஅவுட்டை வெட்டித் தாழ்த்தச் சொல்லவில்லை. தடுப்புக் கயிற்றுக்கும் லேஅவுட்டுக்கும் இடையே வீணாகக் கிடக்கும் இடத்தில், 20 சென்டிமீட்டர் உயரத்தில் நீளமான படி ஒன்றைப் பொருத்தலாம். தனித்தனி முக்காலிகள் நடுவழிக்கு நகர்ந்து காலை வாரிவிடும், நிலையான படி அப்படிச் செய்யாது. குழந்தை படியில் ஏறி நின்றால் பெற்றோர் பின்னால் பிடித்துக்கொள்வார், வண்டி வாசலருகே நிற்கலாம்.

தடுப்பு ஏன் தேவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹெச்ஓ லேஅவுட்டுகளில் பரவலாகப் புழங்கும் தண்டவாளத்தின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர்தான். இரண்டு துண்டுகள் சேரும் இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரயில் தடம் புரளலாம். அந்தத் துண்டுகளைத் தாங்கும் கால்கள் துணிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. ஸ்ட்ரோலரின் முன்சக்கரமும் கால்வைப்பும் சரியாக அந்தத் துணிக்குள்தான் நுழையும். தள்ளுபவருக்கு இடித்ததே தெரியாது. உள்ளே இருப்பவரின் பத்து ஆண்டு உழைப்பு பள்ளத்தாக்குக்குள் உருண்டிருக்கும். ஒரு பித்தளை எஞ்சினைத் தரையிலிருந்து பொறுக்கி எடுப்பவரின் முகத்தைப் பார்த்தவர்கள் ஸ்ட்ரோலர் பற்றிய அவரது கடுமையை மன்னித்துவிடுவார்கள். துணியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கித் தைத்து, கால்களில் பளிச்சென்ற வண்ணம் பூசினால் இந்த விபத்துகளில் பாதி குறையும்.

பிற இடங்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால், ஒவ்வொன்றும் தன் கட்டடத்துக்கு ஏற்ற விடையைக் கண்டிருக்கிறது. நியூயார்க் தாவரவியல் பூங்கா 1992 முதல் நடத்தும் விடுமுறைக்கால ரயில் காட்சி ஒரு கண்ணாடித் தாவர மாளிகைக்குள் நடக்கிறது. மரப்பட்டை, இலை, விதை கொண்டு செய்த நியூயார்க் கட்டடங்களுக்கிடையே ரயில்கள் ஓடுகின்றன. செடிகளுக்கு நடுவே போகும் பாதையை அகலப்படுத்த வழியே இல்லை. அங்கே நேரம் குறித்த சீட்டு. ஸ்ட்ரோலரை உள்ளே விடுவதில்லை, நிறுத்த இடம் தருகிறார்கள். குழந்தைகளுக்காகவே என்று சொல்லத்தக்க ஒரு காட்சி ஸ்ட்ரோலரை வெளியே நிறுத்துகிறது, அதை யாரும் குழந்தை வெறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே ரயில்கள் தரைமட்டத்திலும் தலைக்கு மேலும் ஓடுகின்றன. நடந்து வரும் குழந்தைக்கு ஏதாவதொன்று எப்போதும் கண்ணில் படுகிறது. 2001-ல் பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றில் தொடங்கிய மாடல் ரயில் காட்சியான ஹாம்பர்க்கின் மினியாட்டுர் வுண்டர்லாண்ட், கூட்டத்தை நேரத்தால் பிரிக்கிறது. முன்பதிவு, எந்த நேரத்தில் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற முன்னறிவிப்பு, விடுமுறை நாட்களில் இரவு வரை நீளும் திறப்பு நேரம். டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்கள் 2019 மே முதல் ஸ்ட்ரோலருக்கு அளவு வைத்தன: அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலம். இழுத்துச் செல்லும் வேகன்களுக்கு அனுமதி இல்லை. பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ரயில் சேகரிப்போர் சங்கம் ஆண்டுக்கு இருமுறை கூடும் சந்தையோ நெடுங்காலம் உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமே என்றிருந்தது. அங்கே இந்தச் சச்சரவுக்கு அதிகம் இடமிருந்திருக்காது. புதிதாக ஒரு சிறுவன் தற்செயலாக நுழைந்து ரயில்மேல் ஆசைப்படவும் இடமிருந்திருக்காது.

இவற்றில் டிஸ்னியின் வழியே பெரிய மண்டபங்களுக்குப் பொருந்தும் என்பேன். யார் தள்ளுகிறார் என்று பார்க்காமல் என்ன அகலம் என்று பார்ப்பது நியாயம். ஏனென்றால் மாடல் ரயில் ஆர்வலர்களே வாங்கிய பெட்டிகளை அடுக்க மடக்கு வேகனும் சக்கரப் பெட்டியும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். முழங்காலுக்குக் கீழே, தன் முதுகுக்குப் பின்னால், பார்க்காமல் இழுக்கப்படும் வேகன் ஸ்ட்ரோலரைவிட ஆபத்தானது. முதுகுப்பையோடு சட்டென்று திரும்புகிறவர் குழந்தையின் முகத்தில் இடிப்பதையும் எந்த அறிவிப்புப் பலகையும் கண்டிப்பதில்லை. நியூயார்க் தெருக்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் 1980-ல் எழுதியது இங்கேயும் அப்படியே நடக்கிறது: நின்று பேசுகிறவர்கள் ஓரத்துக்கு ஒதுங்குவதில்லை, ஓட்டத்தின் நடுவிலேயே நிற்கிறார்கள். பழைய நண்பர்கள் மூவர் இடைவழி நடுவே டீசல் எஞ்சின் பற்றிப் பேசினால், இரண்டு ஸ்ட்ரோலர் அடைக்கும் இடம் அடைபடும்.

எதை எங்கே வைப்பது என்பது மீதி. பாதிரியார் ஆட்ரி 1945-ல் தொடங்கிய ரயில் கதைகளும், அவற்றிலிருந்து 1984-ல் தொலைக்காட்சிக்கு வந்த தாமஸ் என்ற எஞ்சினும் இந்த மண்டபங்களுக்கு மழலைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆட்ரியே தன் மாடல் லேஅவுட்டைக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்றவர். தாமஸ் தொலைக்காட்சிக்கு வருமுன்பே, 1965-ல், ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன் குடைபோல் மடங்கும் இலேசான வண்டியை வடிவமைத்திருந்தார். கைக்குழந்தையோடு எங்கும் போகலாம் என்ற பழக்கம் அதனால் வலுத்தது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் தாமஸ் லேஅவுட். அதை வாசலருகே வைத்தால் விளம்பரத்துக்கு நல்லது, மண்டபத்துக்குக் கேடு. வந்த ஸ்ட்ரோலரெல்லாம் நுழைவாயிலிலேயே உறைந்துவிடும். கடைசி மூலையில், கழிப்பறைக்கும் உட்காரும் இடத்துக்கும் அருகே, இரண்டு பக்கமும் வெளியேற வழியோடு அதை வைக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்று ஆர்தர் மெல்டன் 1935-லேயே எழுதினார். கோயில் பிரகாரத்தில் எல்லோரும் ஒரே திசையில் வலம் வருவதால் எவ்வளவு கூட்டத்திலும் நடை நிற்பதில்லை. அமெரிக்க மண்டபத்தில் கால்கள் தாமாகப் போகும் திசை அதற்கு நேரெதிர் என்றாலும் பயன் அதேதான். தரையில் அம்புக்குறி ஒட்டி, கால்கள் போக விரும்பும் திசையையே எல்லோருக்கும் திசையாக்கிவிட்டால், எதிரே வருகிறவர் என்ற சிக்கலே ஒழிகிறது. எட்டடி இடைவழிகூட அப்போது போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் இன்னொருவருக்கு வழிவிட வேண்டிய நேரம் வரும். அப்போது யார் பேசுவது? இங்கிலாந்தில் 2012-ல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பேருந்தில் சக்கர நாற்காலியோடு ஏற வந்த டக் பாலிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு வண்டி நின்றது, தாய் நகர்த்த மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 ஜனவரியில் முடிந்தது. ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது, மறுப்பு நியாயமற்றது என்று பட்டால் மேற்கொண்டும் வற்புறுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கண்காட்சிக்கும் இதே முறை சரியாக வரும். மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்குச் சில நேரம் ஸ்ட்ரோலரே சக்கர நாற்காலி. அதைப் பார்த்தவுடன் அறிய முடியாது. ஆகவே கடைக்காரரோ கிளப் உறுப்பினரோ பெற்றோரை அதட்டக் கூடாது. சட்டையில் பட்டை அணிந்த தன்னார்வலர் ஒருவர் அருகில் போய், முதலில் உதவிதான் கேட்க வேண்டும்: “வண்டியை அங்கே நிறுத்திவைக்கட்டுமா? சீட்டு தருகிறேன், பிள்ளையைப் படியில் ஏற்றிக் காட்டுங்கள்.” அப்படிக் கேட்கப்பட்டவர்களில் மறுப்பவர் மிகக் குறைவாகவே இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமானால், வண்டியை நிறுத்த ஓர் இடமும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், எண் போட்ட சீட்டும், கோட்டுகளை மாட்ட ஒரு கம்பியும் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். அவசர வழிக் கதவின் முன்னால் மட்டும் அந்த இடத்தை ஒதுக்கிவிடக் கூடாது. சனிக்கிழமை காலை திறந்தவுடன் பேரம் தேடுவோர் மேசைகளை மொய்ப்பார்கள். குடும்பங்கள் வரத் தொடங்குவது அதற்குப் பிறகு, மதியத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். தன்னார்வலர்களை நாள் முழுக்கச் சமமாகப் பிரிக்காமல் அந்த இரண்டு மணி நேரத்துக்கு இரட்டிப்பாக நிறுத்த வேண்டும். ஞாயிறு பிற்பகலில் மண்டபம் காலியாகும்போது கைக்குழந்தையோடு வருவோருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். அந்த அறிவிப்பைச் சீட்டு விற்கும் மேசையில் ஒட்டினால் பயனில்லை. வீட்டிலிருந்து கிளம்புமுன் படிக்கும் விளம்பரத்திலேயே, ஸ்ட்ரோலர் அளவு, நிறுத்தும் இடம் ஆகியவற்றோடு சேர்த்து அச்சிட வேண்டும்.